"நான்தானே கேட்டேன்": அவசர சிசேரியனுக்குப் பின் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்ட ஒரு தாய் – நிகழ்வு ஆய்வு

மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் முதல் குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு இது. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளராக அவரைப் பார்த்துவந்தேன். எழுதுவதற்கு அவரும் கணவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரசவ வார்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது என்றாலும், வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருக்கிற யாருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

பின்னணி

அவருக்கு வயது 27. பி.காம். முடித்து ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போனார். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. ஒரு செக்கப்பும் தவறவில்லை. இதற்கு முன் மனநலச் சிக்கல் எதுவும் இருந்ததில்லை.

மாமியார் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். நாத்தனாருக்கும் சுகப்பிரசவம். வளைகாப்பில் ஆளாளுக்கு "நல்லபடியா சுகப்பிரசவம் ஆகோணும்" என்றுதான் வாழ்த்தினார்கள். ஏழாம் மாதத்திலிருந்து காலையும் மாலையும் நடை, குனிந்து பெருக்குவது, யூடியூப் பார்த்துச் சில பயிற்சிகள் என்று அவரும் முழு மூச்சாகத் தயாரானார். ஆபரேஷன் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அபசகுனம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதற்கு முந்தைய சுற்றில் (2015–16) அது 34. ஐந்தாம் சுற்றில் அரசு மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 36, தனியாரில் 64-ஐ ஒட்டி. அதாவது சிசேரியன் நடக்காத குடும்பமே அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் அதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பேச்சுதான் இருக்கிறது: "காசுக்காக அறுத்துட்டாங்க", இல்லையென்றால் "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வலி தாங்க முடியல". தேவையில்லாத சிசேரியன்கள் நடக்கின்றன, அவை குறைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விவாதத்தின் சுமை கடைசியில் படுக்கையில் தையலோடு கிடக்கும் பெண்ணின் தலையில் இறங்குவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். இந்த நிகழ்விலும் அதுதான் நடந்தது.

பிரசவ நாள்

40 வாரம் தாண்டி மூன்றாம் நாள் இரவு பனிக்குடம் உடைந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது கர்ப்பப்பை வாய் 3 செ.மீ. திறந்திருந்தது. விடிகாலையில் வலி மந்தமாக இருந்ததால் வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ட்ரிப்ஸ் போட்டார்கள். காலை 9:30-க்கு 6 செ.மீ. பகல் 11:30-க்கும் அதே 6. மதியம் 1:30-க்கு 6-க்குச் சற்று மேல். வலி நன்றாகவே வந்துகொண்டிருந்தது, தலைதான் இறங்கவில்லை. குழந்தையின் பின்னந்தலை தாயின் முதுகெலும்புப் பக்கமாக இருந்தது, அதாவது தலை திரும்ப வேண்டிய பக்கம் திரும்பவில்லை. மதியம் 2:40-க்கு பனிக்குட நீர் பச்சையாக வந்தது, குழந்தை உள்ளேயே மலம் கழித்ததன் அறிகுறி. ஒவ்வொரு வலி முடிந்த பிறகும் குழந்தையின் இதயத்துடிப்பு 90-க்குக் கீழே இறங்கி, மேலே ஏறத் தாமதித்தது. இயல்பு அளவு 110 முதல் 160 வரை. உடனே முடிவெடுத்து, 28 நிமிடத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். எடை 3.4 கிலோ. அழத் தாமதமானதால் ஒரு இரவு பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை தாயிடம் கொடுத்தார்கள்.

இவையெல்லாம் மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருந்தவை. அந்தப் பெண்ணுக்கு நினைவிருந்தது வேறு. யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றது. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. முதுகில் ஊசி. பிறகு ஒரு துணிச் சுருளைச் சில விநாடி முகத்தருகே காட்டிவிட்டு எடுத்துப்போனது. ஏன் ஆபரேஷன் என்று அன்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் காரணம் ஒரே வரியில், ஆங்கிலத்தில் இருந்தது.

முதல் ஐந்து வாரம்

பால் நான்காம் நாள்தான் நன்றாக ஊறியது. சிசேரியனுக்குப் பிறகு ஓரிரு நாள் தள்ளிப்போவது உண்டு. தாயும் சேயும் பிரிந்திருந்தால் இன்னும் தள்ளும். ஆனால் வீட்டில் அதற்கு, "ஆபரேஷன் பண்ணுன உடம்பு, பால் எங்கிருந்து வரும்" என்று விளக்கம் கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி "நார்மலா, ஆபரேஷனா?" என்பதுதான்.

தாய்வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. குழந்தை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. மதியம் மூன்று மணி நெருங்கினால் நெஞ்சு படபடக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய சாதாரண மனக்கலக்கம் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை உச்சமாக இருந்து, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இவருக்கு நான்கு வாரமாகியும் அடங்கவில்லை.

கவனித்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசி அட்டையைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், தாய் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்வதையும், பால் கொடுக்கும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதையும் கவனித்திருக்கிறார். "குழந்தைகிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரியே இருக்குது மேடம்" என்று போனில் சொன்னார். தையல் ஆறியதா, பால் இருக்கிறதா என்பதோடு வீட்டுப் பார்வை முடிந்துவிடுவது வழக்கம். இந்தச் செவிலியர் அந்த வழக்கத்தோடு நிற்கவில்லை.

மதிப்பீடு

எடின்பரோ பிரசவப் பின் மனச்சோர்வு அளவுகோலைப் பயன்படுத்தினோம். 1987-ல் உருவான இது பத்தே கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். தமிழ் வடிவமும் வேலூரில் சரிபார்க்கப்பட்டு 2005-ல் வெளியாகியிருக்கிறது. மதிப்பெண் கூடக் கூட மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பும் கூடும். இவர் எடுத்தது 15. மூன்றாம் கேள்வி, தவறு நேரும்போது காரணமின்றித் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதைப் பற்றியது. அதில் உச்ச மதிப்பெண். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாம் கேள்விக்குப் பூஜ்யம். அதை வாய்மொழியாகவும், தாயார் இல்லாதபோது தனியாகவும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள் என்று எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு காத்திருக்கக் கூடிய விஷயமல்ல.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, குறைவுதான். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு மாதிரியே தோற்றம் காட்டும் என்பதால் இந்த இரண்டையும் பார்க்காமல் பேச்சு சிகிச்சை தொடங்கக் கூடாது.

முதலில் எடுத்த முடிவுகள்

மனநல மருத்துவர் அவரைப் பார்த்தார். மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று வாரத்தில் மதிப்பெண் குறையாவிட்டால் யோசிக்கலாம் என்று முடிவானது. பால் கொடுக்கும் தாய்க்கும் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அதை அவரிடமும் சொல்லிவைத்தோம், பின்னால் தேவைப்பட்டால் பயம் வரக் கூடாதே என்று.

மனதைத் தொடுவதற்கு முன் உடம்பைக் கவனித்தோம். தையல் வலி இன்னும் இருந்தது. குழந்தையை வயிற்றின் குறுக்கே படுக்கவைத்துத்தான் பால் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தடவையும் தையலில் உதை. குழந்தையின் காலைத் தன் கைக்குக் கீழே பின்பக்கமாக விட்டு, பக்கவாட்டில் வைத்துக் கொடுக்கச் செவிலியர் பழக்கினார். இரும்புச்சத்து மாத்திரை தொடர்ந்தது. இரவில் ஒரு தடவை மட்டும், பிழிந்துவைத்த தாய்ப்பாலைக் கணவர் கிண்ணத்தில் ஊட்டுவது என்று ஏற்பாடு. நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிய மறுநாள் அவர் பேசிய விதமே வேறாக இருந்தது.

"குழந்தை நல்லா இருக்குதில்ல, அது போதும்" என்று சொல்வதை வீட்டில் எல்லோரையும் நிறுத்தச் சொன்னோம். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. குழந்தை நன்றாக இருக்கும்போது நீ எதற்கு அழுகிறாய் என்ற கேள்வியாகத்தான் அது அவருக்குக் கேட்டது. அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

சொல்லாமல் வைத்திருந்தது

தன்மேல் சுமத்திக்கொண்ட குற்றங்களை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எட்டாம் மாதம் வரை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தது. கடைசி வாரம் நடக்காமல் படுத்திருந்தது. மல்லாந்து தூங்கியது. சரியாக முக்காதது. பயந்தது.

தன்னைக் குற்றம் சொல்வதில் இரண்டு வகை உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் ரோனி ஜானஃப்-புல்மன் 1979-ல் பிரித்துக் காட்டினார். ஒன்று, 'நான் செய்தது தப்பு'. மற்றது, 'நான் ஆளே சரியில்லை'. முதல் வகைக்கு ஒரு பதில் சொல்லலாம், அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வகைதான் மனச்சோர்வோடு ஒட்டிக்கொள்கிறது. இவருடைய நோட்டில் இருந்ததெல்லாம் முதல் வகை. ஆனால் அத்தனைக்கும் அடியில், "என் உடம்புக்கு ஒரு குழந்தையைப் பெத்துக்கத் துப்பில்லை" என்பது இருந்தது. நோட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் நான் மறுப்புச் சொல்லியிருந்தால் அந்த அடி அப்படியே இருந்திருக்கும். அதனால் மறுப்பில் இறங்கவில்லை. நோட்டில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது கேட்டுவந்தேன்.

அதற்கான பதில் ஒரு மதியம், கணவர் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில் வந்தது. "நான்தாங்க கேட்டேன். என்னால முடியல, ஆபரேஷன் பண்ணிருங்கன்னு டாக்டர் கையைப் புடிச்சுக் கெஞ்சுனேன். அதனாலதான் பண்ணிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா தானா பொறந்திருக்கும்."

ஐந்து வாரமாக இதை அவர் தாயிடம்கூடச் சொல்லவில்லை. யார் "நார்மலா?" என்று கேட்டாலும், அவர் காதில் விழுந்தது தன் குரலில் அந்தக் கெஞ்சல்தான்.

குறிப்பேட்டை வைத்துப் பேசியது

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரசவம் முடிந்த எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் மறுபடி வாழவைக்கும் முறை பலன் தருவதாக உறுதியான சான்று இல்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி அதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. அதே சமயம், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் தாய்க்கு அதைச் சொல்லுவது வேறு விஷயம். இவருக்குக் குறைவாக இருந்தது தகவல். "எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும்" என்று அவரே கேட்ட பிறகுதான் ஏற்பாடு செய்தோம். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டார். எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டோம். அன்று ஆபரேஷன் முடிவெடுத்த மருத்துவரே, புறநோயாளிகள் நேரம் முடிந்த பிறகு குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்தார். கணவரும் இருந்தார்.

மருத்துவர் பிரசவ வரைபடத்தை விரித்து, 9:30-லிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். 1:10 என்ற இடத்தில் செவிலியர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: தாய் சிசேரியன் கேட்கிறார், மருத்துவர் பார்த்தார், குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, தொடரலாம்.

"நீ கேட்டப்ப நான் பண்ணலம்மா," என்றார் மருத்துவர். "நீ கேட்டதுக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். 2:40-க்குப் பாப்பாவோட துடிப்பு இறங்குச்சு. அதுக்குத்தான் பண்ணேன்."

"நான் கேக்காமயே இருந்திருந்தா?"

"அப்பவும் 2:40-க்கு இதே முடிவுதான்."

அவர் நம்பவில்லை. குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த இரண்டு நேரங்களையும் விரல் வைத்துப் பார்த்தார். வாய்ச்சொல்லால் ஆகாதது அந்த எழுத்தால் ஆனது என்று நினைக்கிறேன். நல்ல மனதோடு யார் வேண்டுமானாலும் "உன் தப்பில்லை" என்று சொல்லலாம். தன்னைப் பற்றித் தெரியாத ஒரு கை, அந்த நேரத்திலேயே எழுதிவைத்தது வேறு.

மற்றக் கேள்விகளும் வந்தன. சரியாக முக்கவில்லையே? கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. திறந்த பிறகுதான் முக்கச் சொல்வார்கள். 7-ஐயே தொடாதவருக்கு அந்தக் கட்டமே வரவில்லை. தலை திரும்பாதது நான் படுத்திருந்ததாலா? பிரசவ வலி தொடங்கும்போது பல குழந்தைகள் அப்படி இருப்பதும், பெரும்பாலானவை வலியின் போக்கில் தானாகத் திரும்புவதும் உண்டு. 100-ல் சுமார் 5 மட்டும் கடைசிவரை திரும்பாது. கடைசி வாரங்களில் தாய் தினமும் தவழும் நிலையில் இருந்தால் தலை திரும்புமா என்று ஆஸ்திரேலியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். பிறக்கும்போது குழந்தை இருந்த நிலையில் எந்த வித்தியாசமும் இல்லை. நடந்தாலும் படுத்தாலும் இவர் குழந்தை அப்படியேதான் இருந்திருக்கக்கூடும்.

கணவர் அன்றைக்குப் பேசியது ஒன்றுதான்: "எனக்கும் இப்பத்தாங்க தெரியுது."

வீட்டாரிடம்

மாமியார் கெட்டவர் அல்ல. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவரும் மூன்று மணி நேரம் நின்றவர். வலி தாங்காமல் மருமகளே கேட்டு ஆபரேஷன் நடந்தது என்று மகன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். அந்த மகனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. செவிலியர் வீட்டுக்குப் போய், மருமகளின் சம்மதத்தோடு, நடந்த வரிசையைச் சொன்னபோது அவர் திகைத்துப்போனார். "குழந்தைக்கு மூச்சுத் திணறுச்சுன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்களே அம்மிணி." அதற்கு மேல் அவருக்குப் புத்திமதி எதுவும் தேவைப்படவில்லை. வருபவர்களிடம் அவரே காரணத்தைச் சொல்லத் தொடங்கினார்.

பிறகு நடந்தவை

மூன்று வாரத்தில் மதிப்பெண் 10. படபடப்பு குறைந்தது. ஆனால் குற்ற உணர்வு விலகிய இடத்தில் கோபம் வந்தது. பிரசவ அறையில் ஒருவர், "இதுக்கே இப்படிக் கத்துனா எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை அதைத் தனக்குக் கிடைத்த சரியான தண்டனை என்று நினைத்தவர், இப்போது அது அநியாயம் என்று கண்டுகொண்டார். இந்தக் கோபத்தைத் தணிக்க நாங்கள் அவசரப்படவில்லை. பிரசவ அறையில் பெண்ணை மரியாதையாக நடத்த வேண்டும் என்பது, பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டத்திலேயே இருக்கிறது. அவர் ஒரு கடிதம் எழுதினார். செவிலியர் கண்காணிப்பாளர் அவரை அழைத்து, முழுவதும் கேட்டார்.

தொட்டில் விசேஷத்தில் ஒரு சறுக்கல். உறவுக்காரப் பாட்டி ஒருவர் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "அறுத்துத்தான எடுத்தாங்க" என்றார். இப்படி வரும் என்று எதிர்பார்த்து ஒரு பதிலை முன்பே பழகியிருந்தோம். "குழந்தைக்கு நாடி எறங்கிருச்சு பாட்டி, அதனால ஆபரேஷன் பண்ணாங்க" என்று சொல்லிவிட்டார். பாட்டி அத்தோடு விட்டுவிட்டார். ஆனாலும் அன்று இரவு முழுக்க இந்தத் தாய் அழுதிருக்கிறார், அடுத்த சில நாள் தூக்கம் கெட்டது. பதில் தயாராக இருந்தால் காயம் படாது என்றில்லை.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது மதிப்பெண் 4. மாத்திரை தேவைப்படவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் என்று போன் வந்தால் இப்போதும் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விடுவதாகச் சொன்னார். விரும்பியது கிடைக்காத வருத்தம் அது, இருக்கட்டும். தன் உடம்பைத் திட்டுவது நின்றுவிட்டது.

அடுத்த குழந்தையைப் பற்றி அவரே கேட்டார். ஒரே ஒரு சிசேரியன், கர்ப்பப்பையில் தழும்பு கீழ்ப்பக்கம் குறுக்காக இருந்தால், அடுத்ததற்கு இயல்பாக முயலும் பெண்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் கைகூடுகிறது. வலியின்போது அந்தத் தழும்பு பிரிந்துபோகும் ஆபத்து ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. அதனால் உடனே ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும். இரண்டு வருட இடைவெளியாவது விடச் சொன்னார் மருத்துவர். மறுபடி சிசேரியனே போதும் என்றாலும் அதுவும் சரியான தேர்வுதான் என்று சேர்த்துச் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

ஆறாம் வாரம் நடந்த உரையாடலின் சுருக்கம் முதல் 24 மணி நேரத்திலேயே வார்டில் நடந்திருக்கலாம். முடிவெடுத்தவர் படுக்கையருகே வந்து, கணவரையும் வைத்துக்கொண்டு, காரணத்தைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அரைமயக்கத்தில் கேட்டது மறந்துபோகும் என்பதால் டிஸ்சார்ஜ் அன்று இன்னொரு முறை. சீட்டிலும் தமிழில் இரண்டு வரி, நேரத்தோடு. இந்த மருத்துவமனையில் அந்த மருத்துவர் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

வலியின் உச்சத்தில் ஆபரேஷன் கேட்கும் பெண்கள் பலர் உண்டு. கேட்டவருக்கு அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்: நீ கேட்டதால் செய்யவில்லை, இந்தக் காரணத்துக்காகச் செய்தோம். ஒருவேளை அவர் கேட்டதற்காகவே செய்திருந்தால், அத்தனை நேர வலிக்குப் பிறகு உதவி கேட்பது குற்றமல்ல என்று சொல்ல வேண்டும். இந்த நிகழ்வில் நேரக் குறிப்பு கைகொடுத்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

கர்ப்பகால வகுப்புகளில் சிசேரியன் எப்படி நடக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். கேள்விப்பட்டே இராத ஒன்று நடக்கும்போதுதான் அது தோல்வியாகத் தெரிகிறது. வீட்டுப் பார்வையில், இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது எடின்பரோ கேள்விகளைக் கேட்கலாம், பத்து நிமிடம் ஆகாது. பத்தாம் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் அந்தத் தாயைத் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இரவு நேரமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.